ஊதா நிறப் பெட்டிகள்

தாணுலிங்கத்தின் கைபேசிக்கு வேலை குறைவு. அது அடித்தால் இரண்டே பேர்தான். ஒன்று, லோன் வேண்டுமா சார் என்று கேட்கும் பெண், இன்னொன்று பிளாரன்ஸ். லோன்காரப் பெண்ணிடமும் அவன் உடனே வைத்துவிடாமல் எந்த ஊர், சாப்பாடு ஆயிற்றா என்று இரண்டு வார்த்தை பேசுவான். இதற்குமேல் அவன் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

பிளாரன்ஸ் அப்படியில்லை. அவளே கேட்பாள்.

"தாணுண்ணே, சாப்ட்டியளா?"

"ஆச்சும்மா. சொல்லுங்க."

"அந்தத் தலைப்பு இருக்குல்லா, அதுக்குக் கீழ கொஞ்சம் எடம் விடணும். எல்லாம் நெருக்கியடிச்சிக்கிட்டு நிக்கி."

"விட்டுருவோம்."

"நீலத்தையும் ஒரு சொட்டு கொறைக்கணும். நம்ம கடல்னு நெனச்சிப் போட்டேன், பாத்தா பினாயில் மாதிரி இருக்கு."

அவன் சிரிப்பான். அன்றைக்கு அவன் வாய் திறந்து சிரித்தது அதற்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

பிளாரன்ஸுக்கு ஊர் புன்னைக்காயல் என்ற கடற்கரைக் கிராமம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடியே இணையப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பவள். இவன் தூத்துக்குடியில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியறையில் தனியாக உட்கார்ந்து கோட் எழுதுபவன். இருவரும் சேர்ந்து, கப்பல் வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி. ஆள் கடலில் இருந்தால் பெட்டி நீலம், விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தால் பச்சை, இறந்துபோயிருந்தால் ஊதா. இறந்தவர்களின் பெயர்கள் ஜெபப் பக்கம் என்ற இன்னொரு பக்கத்துக்குத் தானாகப் போய்விடும். ஊர் தேவாலயத்து மாலைப் பூசையில், சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் கைபேசியைத் திறந்து அந்தப் பெயர்களை வாசிப்பார்.

இருவரும் நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை, சங்கத்தின் முதல் கூட்டத்தில். மற்றதெல்லாம் போன்தான். மெசேஜ் எழுத அவளுக்குப் பிடிக்காது. "எழுதுனா கோவமாச் சொல்லுத மாதிரி இருக்கும்ணே" என்பாள்.

இதை யாராவது காதல் என்று நினைத்துக்கொண்டால் அது அவரவர் கற்பனை. அவளுக்குப் புருஷன் இருந்தான், பிள்ளைகள் இருந்தார்கள், கூட்டுக் குடும்பத்துச் சத்தம் எப்போதும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். தாணுலிங்கத்துக்கு வேண்டியிருந்ததெல்லாம் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரல். காதலாக இருந்திருந்தால் அதற்கென்று ஒரு பாட்டாவது கிடைத்திருக்கும். இதற்கு அதுவும் இல்லை.

அவனுடைய ஊர் தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முன்பு சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்றார்கள். பிறகு அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பார்த்தார்கள், முதலில் ஜாதகம் பொருந்தவில்லை, அப்புறம் சம்பளம் பொருந்தவில்லை, கடைசியில் வயது பொருந்தவில்லை. உப்பளக்காரர்களுக்கும் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஏஜென்டுகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துக் காலத்தைத் தள்ளினான். அவர்கள் எல்லோரும் மெசேஜ் அனுப்புகிற ஆட்கள். ஒரு கட்டை விரல் படம் வந்தால் வேலை பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சங்கத்து இணையதளத்தை அவன் எழுதியிருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியை வரையும் வரிகள், அதற்கு வண்ணம் பூசும் வரிகள், யார் எங்கே என்று கணக்குப் பார்க்கும் வரிகள் மூன்றும் ஒரே பைலில் கூட்டாஞ்சோறாகக் கிடந்தன. தெரியாமல் செய்தது அல்ல. சென்னையில் இருந்தபோது புதிதாக வரும் பையன்களை இதற்காகவே வறுத்தெடுத்தவன் அவன். "கணக்கு தனி, பக்கம் தனி, பகட்டு தனி. கலந்து வெச்சா நாளைக்கு நீதான் உக்காந்து அழணும்" என்பான். அப்படிப்பட்டவன் இங்கே அவசரத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டான். ஆற அமரப் பிரித்துவிடலாம் என்றுதான் இருந்தான்.

ஆற அமர நேரமும் வந்தது. ஆனால் அதற்குள் ஒன்று பிடிபட்டுவிட்டது. வண்ணம் அவன் கோடுக்குள் புதைந்து கிடக்கும் வரைக்கும், பிளாரன்ஸ் ஒரு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றாலும் அவனைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

அவள் கேட்கவும் செய்தாள்.

"எனக்குன்னு தனியா ஒரு பைல் பிரிச்சிக் குடுத்திருங்களேன்ணே. கலரு, எழுத்து எல்லாம் நானே மாத்திக்கிடுவேன். மத்த எடத்துல அப்படித்தான வெச்சிருக்காவ."

"அது கொஞ்சம் ரிஸ்க்கும்மா. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு ஒடையும். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம், அடுத்த மாதம் ஆயிற்று. தொழில் தெரிந்தவன் வாய் கூசாமல் சொல்லக்கூடாத பொய் அது. அவனுக்குக் கூசியது, ஆனாலும் சொன்னான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள்.

"தாணுண்ணே, இன்னைக்கு விபூதிப் புதன்லா. தவக்காலம் தொடங்குது. கோயில்ல பீடத்துக்கெல்லாம் ஊதாத் துணி போட்டாச்சு. நம்ம பக்கத்தையும் ஊதாவா மாத்திருவமா?"

"மாத்திருவோம். மேல மட்டுமா?"

"மேல, கீழ, பெட்டி எல்லாம். ஈஸ்டர் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

பிறகு அவள் ஊர்ச் செய்திகளைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் ரோச் புதிதாக ஒரு கப்பலில் ஏறியிருக்கிறான், கப்பல் நடுக்கடலில் போவதால் சிக்னல் இல்லை, அவன் மனைவி, சுஜிதா மைனி, போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறாள். தாணுலிங்கம் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்த பிறகும் அந்தக் கதகதப்பு கொஞ்ச நேரம் இருந்தது. அந்த மிதப்பிலேயே பைலைத் திறந்து, பெட்டிகளின் நிறத்தை ஒரே இடத்தில் ஊதாவாக மாற்றிவிட்டு டீக்குப் போனான்.

அதே பைலில் கொஞ்சம் கீழே, ஆரம்பத்தில் அவனே எழுதிய வரி இருந்தது. 'இறந்தவங்களுக்கு ஊதாண்ணே' என்று அன்றைக்கு அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: பெட்டியின் நிறம் ஊதாவா, அப்படியானால் அந்தப் பெயரை ஜெபப் பக்கத்தில் சேர். ஆள் இறந்துவிட்டார் என்று தனியாக எங்கேயும் குறித்துவைக்கவில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் கோட் தெரிந்துகொள்ளும். தவக்காலம் வந்தால் கோயில் முழுக்க ஊதாவாகும் என்பது சர்ச் வாசலை மிதிக்காத ஆற்றங்கரைக்காரனுக்கு எங்கே தெரியும்? பெட்டியில் ஊதா ஒரு சாவைச் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும்; இது தவக்காலத்து ஊதா என்று ஊரே புரிந்துகொள்ளும் என்று நினைத்திருந்தாள். ஆனால் கணக்கே அந்த நிறத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவன்தான் அந்தப் பைலை அவள் கண்ணில் காட்டவே இல்லையே.

சாயங்காலம் மறுபடியும் போன் அடித்தது. ஒரே நாளில் இரண்டாவது முறை. சந்தோஷமாக எடுத்தான்.

"சொல்லுங்கம்மா."

சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. பின்னால் ஒரு பெண் அலறுவது கேட்டது.

"அண்ணே, கோயில்ல ரோச் பேர வாசிச்சிட்டாவ."

"என்னம்மா?"

"எங்க அண்ணன் பேர. செத்தவங்களோட சேத்து வாசிச்சிட்டாவ. இப்பக் கோயில்ல வெச்சி."

அவனுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் விட்டு விட்டுச் சொன்னாள். விபூதி பூசிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரம். உபதேசியார் வழக்கம்போலக் கைபேசியைத் திறந்து, இறந்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று ஆரம்பித்தார். கடைசியாகக் கப்பல் ஏறியவன் ரோச் என்பதால் அவன் பெயர்தான் முதலில் நின்றது. வாசித்துப் பழகிய வாய், நிறுத்தாமல் வாசித்தது. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று போய், தன் சொந்த மகன் பெயர் வந்ததும்தான் அவர் திகைத்து நின்றார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் சுஜிதா மயங்கி விழுந்திருந்தாள்.

"நான் போனத் தொறந்து பாத்தேன். எல்லாப் பேரும் இருக்கு. தப்புன்னு தெரிஞ்சிட்டு, எந்திரிச்சிக் கத்திச் சொல்லிட்டேன். ஆனா மைனி நம்ப மாட்டேங்கா. கப்பல்லேருந்து மொதல்ல சாமியாருக்குத்தான தகவல் வரும், என்கிட்ட மறைக்கிய, மறைக்கியன்னு நெஞ்சுல அடிக்கா. எனக்கே ஒரு நிமிஷம்..." அவள் குரல் உடைந்தது. "என்னண்ணே செஞ்சிய நீங்க?"

அவன் என்ன செய்தான் என்று சொன்னான்.

"கலரு என் வேல" என்றாள் கடைசியில். "ஒரு மனுஷன் இருக்கானா செத்தானான்னு என் கலரப் பாத்தா முடிவு பண்ணுவிய?"

அன்று ராத்திரி அவன் நிறத்தைப் பழையபடி மாற்றி, ஜெபப் பக்கத்தை நிறுத்திவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு குரல் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியைத் தாலியைப் பிடித்துக்கொண்டு அலற வைத்துவிட்டோம் என்று நினைத்தபோது அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கப்பல் ஏஜென்ட் மூலமாகச் சேட்டிலைட் போனில் ரோச்சைப் பிடித்துவிட்டார்கள். புருஷன் குரலைக் கேட்ட பிறகுதான் சுஜிதா தண்ணீர் குடித்தாள். நாலைந்து நாள் கழித்துத் தாணுலிங்கம் பஸ் ஏறிப் புன்னைக்காயலுக்குப் போனான். பிளாரன்ஸ் ஒரு கம்பெனி வேலையாக வெளியே போயிருந்தாள். சுஜிதா திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்துப் போனான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவளோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தாள்.

"என்னைய மன்னிச்சிருங்கம்மா" என்றான்.

"போட்டும். அவுக இப்பம் எங்க சிக்னல் கெடச்சாலும் போன் போட்டுருதாவ. முன்ன ஒரு வார்த்தை பேச மாட்டாவ. இப்பம் சும்மாவே கூப்பிட்டு, ஏட்டி என்ன செய்யுதன்னு கேக்காவ." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

சும்மாவே கூப்பிடுகிறார்கள் என்ற அந்தச் சொல் பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அவன் கூடவே வந்தது.

அதன்பிறகு பிரிக்கும் வேலையில் இறங்கினான். முதலில், ஆள் கடலிலா, வீட்டிலா, இறந்துவிட்டாரா என்பதைத் தனியாக, அதற்குரிய இடத்தில் குறித்துவைத்தான். நிறம் இனி எதையும் முடிவு செய்யாது; முடிவானதைக் காட்டும், அவ்வளவுதான். கணக்கு வரிகளை ஒரு பக்கம் எடுத்தான். பெட்டிகளையும் தலைப்புகளையும் பக்கத்தின் அச்சுபோலத் தனி டெம்ப்ளேட்டாக ஆக்கினான். நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் உருவி எடுத்து ஒரே ஸ்டைல் பைலில் அடுக்கினான். முள் எடுக்கும் வேலை மாதிரி. ஒவ்வொன்றாகத்தான் வரும், அவசரப்பட்டால் பாதி உள்ளே தங்கிவிடும்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அவர்கள் இருவரும் இத்தனை பேசியதே அந்த நாட்களில்தான். எந்தப் பெட்டிக்கு என்ன பெயர் வைப்பது, எது அவள் பக்கம், எது இவன் பக்கம் என்று காலையும் மாலையும் போன். முதலில் அவள் குரலில் ஒட்டாத ஒரு விலகல் இருந்தது. பிறகு அதுவும் போய், சாப்ட்டியளாண்ணே திரும்ப வந்தது. அவளுடைய சின்ன மகள் தமிழ்ப் பரீட்சையில் கோட்டை விட்டதை, புருஷன் விசைப்படகு இன்ஜினைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்ததை எல்லாம் சொன்னாள். அவன் வேலையை இழுத்தடித்திருக்கலாம். கை அப்படித்தான் துடித்தது. ஆனால் சுஜிதாவின் அலறல் ஒருமுறை காதில் விழுந்துவிட்டது. நாணயமாகச் செய்தான், சீக்கிரமாகவே முடித்தான்.

முடித்து அவளிடம் சாவியைக் கொடுப்பதுபோல அந்தப் பைலை ஒப்படைத்தான்.

"இது முழுக்க உங்களுதும்மா. நான் தொட மாட்டேன். இதுல நீங்க என்ன செஞ்சாலும் யாரும் சாக மாட்டாங்க."

அவள் சிரித்தாள். உடனே ஒரு பெட்டியின் மூலையை வளைத்துப் பார்த்தாள். பச்சையை மாற்றினாள், திரும்ப வைத்தாள். அவன் திரையில் அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"ஏண்ணே, எம்புட்டு லேசா இருக்கு! இதத்தான அன்னைக்கே கேட்டேன்." பிறகு மனதாரச் சொன்னாள்: "நல்லாயிருப்பிய. இனிமே ஒவ்வொண்ணுக்கும் ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம். நிம்மதியா ஒங்க வேலையப் பாருங்க."

"சரிம்மா" என்றான்.

அவள் சொன்ன நிம்மதி அடுத்த நாளே வந்து சேர்ந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம், மேலே ஃபேன் சத்தம், வேறொன்றும் இல்லை. பக்கம் அடக்கமான ஊதாவில் இருந்தது. ஜெபப் பக்கத்தில் உண்மையாகவே இறந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதில் இப்படி ஒரு துக்கம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். எழுத்து லேசாகப் பெருத்திருக்கும். ஓ, இன்றைக்கு வேலை பார்த்திருக்கிறாள். இடைவெளி குறைந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு அன்று பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது, பெட்டிகளுக்குள் பெயர்கள் வெள்ளை எழுத்தில் இருந்தன. ஏன் சிவப்பு என்று தெரியவில்லை. முன்பென்றால் அவளே சொல்லியிருப்பாள். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தான். அது அவளுடைய பைல், அவளுடைய நிறம். அதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டான். வேலை இல்லாமல் ஒரு மனுஷரைக் கூப்பிடும் பழக்கம் அவனுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

லோன்காரப் பெண் ஒருநாள் கூப்பிட்டாள். பெயரைக் கேட்டான். இந்தமுறை மறுபக்கம் பேசியது பதிவு செய்த குரல் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் குளித்துவிட்டு, கடையில் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தான். எல்லாம் வெள்ளை வெளேரென்று மாறியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. ஒரு பெயரையும் காணோம்.

ஒரு காலிப் பெட்டியின்மேல் மவுஸை இழுத்துப் பார்த்தான். உடனே புரிந்தது. பெயர்கள் எங்கேயும் போகவில்லை. பின்னணியை வெள்ளையாக்கியவள் எழுத்தை மாற்ற மறந்துவிட்டாள், வெள்ளைக்குள் வெள்ளை. யாருக்கும் ஒரு கேடும் இல்லாத, சின்னஞ்சிறு தப்பு. ஒரே வரியில் சரியாகிவிடும்.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாராவது ஏதோ லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கூப்பிடலாம். கூப்பிட்டே ஆக வேண்டும். பைலை அவனே திறந்து சரிசெய்துவிடலாம்தான். ஆனால் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறானே. எழுந்து தண்ணீர் குடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். 'என்னம்மா, எல்லாரையும் மறைச்சி வெச்சிட்டிய?' என்று ஆரம்பிக்கலாம். சிரிப்பாள். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணைத் தட்டினான்.

ரிங் போய்க்கொண்டிருந்தது. போகும்போதே, கை பழக்கத்தில் பக்கத்தை இன்னொருமுறை புதுப்பித்தான்.

பெயர்கள் எல்லாம் வந்திருந்தன. கரு நீலத்தில், பளிச்சென்று, ஒன்றுவிடாமல். அவளே பார்த்துச் சரிசெய்துவிட்டாள்.

"தாணுண்ணே!" என்றது போன். பின்னால் ஏகப்பட்ட சத்தம். "சொல்லுங்க, எதும் ஒடஞ்சிட்டா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஒடையல."

"பெறவு?"

அவன் திரையையே பார்த்தான். குறை சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

"சும்மாதான்" என்றான். "ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லலாம்னு."

"ஐயோ, சும்மாவா கூப்பிட்டிய! நீங்களா கூப்பிட்டதே கெடையாதேண்ணே. சந்தோஷம்ணே, ரொம்ப சந்தோஷம். இங்க எல்லாரும் இருக்கோம், சித்தி வீட்டு ஆளுக, மாமா எல்லாரும். இப்பந்தான் எல போட்டோம். ஒரு நிமிஷம்ணே, ஆப்பம் தீயுது, வெச்சிராதிய, வந்துருதேன்."

போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள். இணைப்பு அப்படியே இருந்தது. பாத்திரம் உருளும் சத்தம், யாரோ ஒரு கிழவரின் இருமல், பிள்ளைகள் சண்டை போடுவது, கறி இன்னும் கொஞ்சம் ஊத்து என்று ஒரு குரல், 'இது மாமா எல, பாருங்க' என்று வீடியோவில் வந்த ரோச்சிடம் ஒவ்வொரு இலையாகக் காட்டிக்கொண்டு போகும் இன்னொரு குரல், அது சுஜிதாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் போனது, அதற்கு மேலும் போனது. பிளாரன்ஸ் வரவில்லை. பந்தி மும்முரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அவன் வைக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் இட்லிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தான். பொட்டலத்தைப் பிரித்தான். சட்னியை ஊற்றிக்கொண்டு, அவர்கள் சாப்பிடும் வேகத்திலேயே மெதுவாகச் சாப்பிட்டான்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று அங்கே யாரோ யாரையோ கேட்டார்கள்.

"போதும்" என்றான் தாணுலிங்கம்.